வெற்றிலை ஈரம்

செவ்வாய் இரவு.

இன்று வீட்டில் இருந்தது நான், மருமகள் செல்வி, அவள் தம்பி முருகேசன். திருப்பூரில் என் மகளுக்குப் பிறந்த குழந்தையின் படம், செல்வியின் மலிவு லேப்டாப்பில் வந்திருந்தது. காதோரம் என் அம்மாவின் மச்சம் இருக்கிறதா என்று நானே பெரிதாக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். அரிவாள் பிடித்துக் காய்த்த என் விரலை டச்பேட் கண்டுகொள்ளவேயில்லை.

“இன்னா அத்த, செத்த வெரல வெச்சிக்கினு தடவுறீங்க?” என்று சிரித்தான் முருகேசன்.

கோபத்தில் வெற்றிலை எடுத்துக் கழுவிப் போட்டேன். அந்த ஈரத்தோடு மறுபடி தொட்டேன். திரையில் அம்புக்குறி ஓடியது!

“அத்த, இப்ப ரெண்டு வெரல வெச்சி விரிங்க” என்றாள் செல்வி.

விரித்தேன். கோலமாவைத் தொடுவதுபோல் லேசாகத் தொட்டாலே போதும், சொன்னபடி கேட்கிறது. எவ்வளவு புத்தியுள்ள பலகை! மச்சம் இருக்கிறது. அதே இடம்.

செத்த விரலால்தான் இதை எழுதுகிறேன். மன்னிக்க மாட்டேன், முருகேசனை.