ஆறாம் அத்தியாயத்தை எடுக்கச் சொன்ன வாரம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேயே தூறல். குடை அலுவலகத்தில் கிடக்கிறது. இல்ஃபோர்ட்டில் ஏறும்போதே ரயில் நெரிசல், உட்கார இடமில்லை. பக்கத்தில் நின்ற பெண் போனில்: "ஹீட்டரைப் போடுங்கோ அம்மா, பில்லை நான் பாக்கிறன். குளிருக்குள்ள இருக்காதேங்கோ."

வந்ததும் வராததுமாக மார்ட்டின் (இனி மா.) தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பிரிவுத் தலைவர். நல்ல மனிதர். கெட்ட செய்தி இருந்தால் மட்டும் தன் கையால் தேநீர் போட்டுத் தருவார். இன்று தேநீர்.

விஷயம் பாலஸ்தீன அறிக்கை. அயல்நாடுகளிலிருந்து அவர்கள் மின்சாரம் வாங்குவது பற்றி நானும் ரமல்லாவிலிருக்கும் பொறியாளர் ஹனானும் சேர்ந்து எழுதியது. அங்கே இப்போது ஏறக்குறைய எல்லா மின்சாரமும் இஸ்ரேல் வழியாக. மேற்குக் கரையில் எரிகோப் பக்கத்துக்கு மட்டும் ஜோர்தானிலிருந்து கொஞ்சம். எங்கள் ஐந்தாம் அத்தியாயம், ஜோர்தானிலிருந்து மேற்குக் கரைக்குப் பெரிய மின்சார லைன். ஆறாவது, எகிப்திலிருந்து காஸாவுக்கு.

கடன் கொடுக்கப்போகும் வங்கிக்காரர்கள் வியாழன் வருகிறார்கள். ஆறாவதை எடுத்துவிடு என்கிறார் மா. அதைப் பார்த்தால் பயந்து முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடுவார்களாம். ஜோர்தான் லைனாவது தப்பட்டுமே என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். மாட்டேன் என்று அங்கேயே ஏன் சொல்லவில்லை? தேநீரைக் குடித்துவிட்டதாலா?

மத்தியானம் ஹனானிடமிருந்து செய்தி. எல்லைப் பாலம் மூடியிருக்கிறது. அதைக் கடந்து ஜோர்தானுக்குள் போய், அம்மானில்தான் அவள் இங்கே வர விமானம் ஏற வேண்டும். விசா கையில், பெட்டி கட்டித் தயார், பாலம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வியாழன் பேச வேண்டியவள் அவள். இனி நான்.

மேசையை இரண்டு தரம் துடைத்தேன்.

வீட்டில் சேகர் முகத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். எல்லாம் கேட்டபின், "நீர் ஏன் வதனி எல்லாத்தையும் தலையில தூக்கி வைக்கிறீர்? எடுக்கச் சொன்னா எடும்" என்றார். கணவன் சொல்லும் ஆறுதல். கோபம் வந்தது. பருப்பு அடிப்பிடித்தது.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது, குளிர். வேலை வீட்டிலிருந்து.

செய்ய வேண்டியவை: வரைபடம் திருத்த. மா.வுக்குப் பதில். நீலச் சட்டை அயர்ன். ஹனானுடன் பேச.

கடைசியைத்தான் நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன். அறிக்கையிலிருந்து காஸா போகிறது என்று அவளிடம் நான் எப்படிச் சொல்ல? அந்த அத்தியாயத்தில் முக்கால்வாசி அவள் எழுதியது. அவளுடைய அக்கா அங்கே கூடாரத்தில் இருக்கிறாள். ஹனான் சண்டை போடுவாள், நானும் சேர்ந்து போடலாம், இரண்டு பேராக மா.வை எதிர்க்கலாம் என்று ஒரு கணக்கு.

இருட்டினதும் ஹனானை அழைத்தேன். வெளியே வாணவேடிக்கை தொடங்கிவிட்டது, வருடாவருடம் நவம்பர் ஐந்துக்கு இந்த நாடு முழுக்க அதுதான். பேச்சை நிறுத்தி, அது என்ன சத்தம் என்றாள். வாணம் என்றேன். ஜன்னலைச் சாத்தினேன், பிரயோசனமில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை.

"எடுத்துவிடு," என்றாள். "நான் இந்த வேலைக்கு வந்தபிறகு எத்தனையோ அறிக்கை பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் எல்லாம் இருந்தது. ஒரு கம்பம்கூட நடவில்லை. ஒரு லைன் வரட்டும் வதனி. ஒன்றாவது வரட்டும்."

உன் அக்கா, என்று தொடங்கினேன். அக்காவைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று நினைக்கிறாயா என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

எடுத்தேன். அத்தியாயம் போனதும் பக்க எண்கள் தாமாகவே சரியாகிவிட்டன. அவ்வளவு சுலபமாக. அறைக்குள் நடந்தேன், கீழே போனேன், மேலே வந்தேன். அவளுக்குப் போன கோபம் எனக்கு ஏன் போகவில்லை?

நவம்பர் 6, வியாழன்

வெயில். நீலச் சட்டையில் கறை, கறுப்பு உடுத்தேன்.

வங்கியிலிருந்து மூன்று பேர். பேசினவர்கள் இருவர்: கண்ணாடி போட்ட இளைஞர், நரைத்த தலைமுடியுடன் ஒரு பெண்மணி. மா. அரசியல் வேண்டாம், பொறியியல் மட்டும் என்று காலையில் மறுபடி சொல்லியிருந்தார்.

இளைஞர் முதலிலேயே கேட்டார். இப்போது கிடைக்கிற மின்சாரம் மலிவு. இன்னொருவரிடம் ஏன் வாங்க வேண்டும்?

தயாரித்து வைத்த பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு மேலே எரிந்த விளக்கைக் காட்டினேன். இந்த அறைக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு கடலுக்கடியால் பிரான்ஸிலிருந்து வருகிறது, நோர்வேயிலிருந்து வருகிறது. பிரித்தானியா இன்னும் கேபிள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் கை வைத்தால் ஊரே இருளும் என்றால் அது மோசமான வடிவமைப்பு, யாருடைய கை என்பது வேறு விஷயம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மா. தலையாட்டினார். நன்றாகத்தான் போனது.

முடியும் நேரத்தில் அந்தப் பெண்மணி: "காஸாவை நீங்கள் பார்க்கவே இல்லையா?"

மா. வாயெடுத்தார், இந்தக் கட்டத்தில் என்று ஏதோ. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தோம்," என்றேன். "ஒரு அத்தியாயம் எழுதினோம். நேற்று எடுத்துவிட்டோம்."

இளைஞர் பேனாவை மூடினார். உள்ளே பேசிவிட்டு அறிவிக்கிறோம் என்று எழுந்தார்கள். இன்றே சம்மதம் சொல்வதாக இருந்தது.



நவம்பர் 7, வெள்ளி

ஹனானுக்கு மா. சொல்லிவிட்டார். போனை எடுத்தவுடனே கேட்டாள், உன்னை யார் பேசச் சொன்னது என்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன் என்றேன். இந்தக் கட்டத்தில் இல்லை என்பதும் பதில்தானே என்றாள். சரிதான். அது பொய்யும் இல்லை.

"நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்று பேசியிருக்கிறாய். உன் வீட்டில் விளக்கு எரிகிறது வதனி."

வைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கும் கரண்ட் இல்லாத வருடங்கள் இருந்தன. மின்சாரப் பாடத்தையே எண்ணெய் விளக்கில் படித்தவள் நான். வாய்வரை வந்தது. சொன்னால் அவளோடு போட்டி போடுவது மாதிரி. விழுங்கினேன். மேலும், அவள் சொன்னது இன்றைய நிலைமை.

நவம்பர் 8, சனி

க்ரீன் ஸ்ட்ரீட் கடைகள். வாங்கியது: கறிவேப்பிலை, இடியப்ப மா, கத்தரிக்காய், சேகருக்கு இருமல் மருந்து. மறந்தது: தேங்காய்ப்பால், அதற்காகவே போனது.

கடைக்காரர் மீதி நீட்டியதைக் கவனிக்காமல் வெளியே வந்துவிட்டேன், பின்னால் வந்து தந்தார். அடிக்கொரு தரம் போனைப் பார்க்கிறேன். ஹனான் ஒன்றும் எழுதவில்லை.

பஸ்ஸில் சேகர் கேட்டார்: "நீர் உண்மையைத்தானே சொன்னனீர்?"

"ஓம். அந்த லைன் வராமப் போனா, அந்த உண்மையை வச்சு அங்க உள்ளவை என்ன செய்யிறது?"

இறங்கும்போது அவர் பைகள் எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

காற்று. ரயில் தாமதம்.

மா. தேநீர் தரவில்லை. மின்னஞ்சல் திறந்திருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். வங்கி சம்மதம். ஜோர்தான் லைனுக்கான முதல் துணைமின்நிலையத்துக்குக் கடன். கீழே இரண்டு வரி: காஸா அத்தியாயத்தை, எந்த வாக்குறுதியும் இல்லாமல், பின்னிணைப்பாகச் சேர்க்கவும், கணக்குகள் பழையவை, திருத்தித் தரவும்.

நீ பேசியதால் கிடைத்ததா, பேசாவிட்டாலும் கிடைத்திருக்குமா, எனக்குத் தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. இன்னொரு தரம் முன்கூட்டியே சொல் என்றார், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு ஹனான் அழைத்தாள். வெள்ளிக்கிழமை பற்றி அவளும் பேசவில்லை, நானும். துணைமின்நிலையம் என்பதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பின்னிணைப்பில் போடுவதை யாரும் படிப்பதில்லை என்றாள். தெரியும் என்றேன். சரி, கோப்பைத் திற என்றாள்.

அட்டவணையில் முதல் வரிசை, வீட்டு மீட்டர்கள். எந்த ஊரில் எத்தனை என்று. எதுவும் இப்போது உண்மையில்லை. மீட்டர் இருந்த சுவரே இல்லை. அதை வைத்துத்தான் எவ்வளவு மின்சாரம் தேவை என்று கணக்குப் போட்டிருந்தோம். எதைப் போடுவது என்று கேட்டேன். பூச்சியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதையும் சொன்னேன்.

"வீட்டை விடு," என்றாள். "ஆட்கள் இருக்கிறார்கள். கூடாரமோ தெருவோ, அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும், அதைப் போடு."

பழைய வரிசையை அழித்தேன். எகிப்து எல்லையிலுள்ள ரஃபாவிலிருந்து தொடங்கினோம்.