கீழ்க்கொல்லைக்கு விருந்து போன சாமை

மச்சான்,

இன்று காலை மழை விட்டதும் சரிவிலிருக்கும் என் கொல்லைக்குப் போனேன். கடைசி உழவுச்சாலைத் தாண்டி வழிந்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினேன். மண் கலங்காத தெளிந்த தண்ணீர், கைரேகை தெரிந்தது. உன் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

எழுபதுகளின் கடைசி. கீழே திருப்பத்தூர் பக்கம் நாலு வருஷம் சமநிலத்தில் ஏர் ஓட்டிவிட்டு, மலைக்குத் திரும்பி உன் தங்கையைக் கட்டியிருந்தேன். என் சால் நூல் பிடித்தாற்போல் இருக்கும் என்று ஏகப்பட்ட கர்வம். சரிவில் மேலிருந்து கீழே நேர்நேராக உழுதேன். செங்குத்தான மேட்டுத் துண்டையும் விடவில்லை. கீழ்க்கொல்லைக்காரனான நீ வரப்பில் நின்று, "இன்னா மச்சான், தண்ணிக்கு வழி போட்றியா?" என்று கேட்டாய். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்த சாமை விதை அவ்வளவையும் விதைத்தேன். மறு விதைப்புக்கு ஒரு படிகூடக் கிடையாது. நாலாம் நாள் பெரிய மழை. ஒவ்வொரு சாலும் ஓடையாகி, மண்ணையும் விதையையும் வாரிக்கொண்டு போனது. மேட்டுத் துண்டில் பாறை பல்லிளித்தது. இனி வருஷம் முழுக்க என்ன தின்பது?

பத்து நாள் கழித்து நீ மூச்சிரைக்க ஓடி வந்தாய். "மச்சான், உன் சாமை என் வூட்டுக்கு விருந்து வந்துகீது! வந்து கூட்டிக்கினு போ!" உன் கல்வரப்பை ஒட்டி, என் மண்ணில், என் விதை பச்சைப் பசேலென்று மண்டிக் கிடந்தது.

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு நீயே என் கொல்லையில் ஏர் பூட்டினாய். காளையைக் காட்டி, "இத அவுத்து வுட்டா நேரா மேல ஏறுமா? குறுக்காலதான் நடக்கும். அது தடத்துலயே ஏரை வுடு. மேட்டுத் துண்டைக் கீறாத, புல்லு கெடக்கட்டும்" என்றாய். சரிவுக்குக் குறுக்கே நீ உழ, நானும் உன் தங்கையும் நாற்றைக் கூடையில் சுமந்து வந்து நட்டோம். சாமையை நெல்லு மாதிரி நட்டவர்கள் என்று ஜமுனாமரத்தூர் சந்தை வரைக்கும் நம்மைக் கேலி செய்தார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு சாலும் தண்ணீரைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. அந்த வருஷம் இரண்டு வீடும் சேர்ந்து சாமைச் சோறு தின்றோம்.

இப்போது டிராக்டர்காரன் வருகிறான். குறுக்கே ஓட்டினால் வண்டி சாயும், மேலிருந்து கீழேதான் ஓட்டுவேன் என்கிறான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு மாட்டையே பூட்டுகிறேன். மேட்டுத் துண்டில் இன்றும் புல்தான்.

நீ கண்ணை மூடி இது மூன்றாவது மழைக்காலம். உன் கொல்லைக்கு என் மண் ஒரு பிடிகூட இறங்கவில்லை. எனக்குச் சந்தோஷந்தான். ஆனாலும் ஒரு கூடை மண்ணாவது இறங்கினால், நீ கீழேயிருந்து "இன்னா மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஏறி வந்துவிடுவாய் போலிருந்தது. கடைசிச் சாலின் கரையை ஒரே உதையில் உடைத்துவிடலாமா என்று காலைக்கூடத் தூக்கினேன்.

மனம் வரவில்லை, மச்சான். பயிர் அவ்வளவு நன்றாக இருக்கிறது.