இன்னும் ஒரு பிடி பஞ்சு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சளி இருமல் இல்லாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நான் குண்டாகத்தான் இருக்கிறேன், அப்பாதான் சரியில்லை. பயப்படாதே, நடக்கிறார், சாப்பிடுகிறார், என் சமையலைக் குறை சொல்கிறார். விஷயம் வேறு, போனில் சொல்ல வாய் வரவில்லை. காரில் பாட்டு திம் திம் என்று அதிர சப்வூஃபர் மாட்டும்போது பெட்டிக்குள்ளே தலையணைப் பஞ்சு வைப்பாரே, அளவாக வைத்தால் சத்தம் ஆழமாக வரும், அமுக்கி அடைத்தால் செத்துப்போகும் என்று நமக்கெல்லாம் பாடம் எடுப்பாரே, அந்த மனுஷன் போன வாரம் டாக்ஸிக்காரர் பெட்டியைத் திணி திணி என்று திணித்து அனுப்பிவிட்டார். டாக்ஸிக்காரர் மறுநாளே வந்து, என்னண்ணே, பாட்டுக் கேக்கப் பெட்டி கேட்டா படுத்துத் தூங்க மெத்தை தச்சுக் குடுத்திருக்கீங்க என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, பெட்டியைத் திறந்து இன்னும் ஒரு பிடி வைக்கப் போனார். போதுங்க என்று நான் சொன்னால், உள்ள ஙொய்னு ஒண்ணு இரையுது, அது அடங்கணும் என்கிறார். பாட்டை நிறுத்திக் கேட்டோம், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. விளையாட்டாக நான் வயரையே பிடுங்கிவிட்டு, இப்ப நின்னுடுச்சா என்றேன். காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, இல்லடி, இன்னும் இரையுது என்றார். நிமிர்ந்து என் கையில் வயரைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. டாக்ஸிக்காரர் நல்ல மனுஷன், டீ குடிச்சுட்டு வரேன் என்று நகர்ந்துவிட்டார்.

டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சுகிறேன், காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட வண்டியை விடுவான் என்று கத்துகிறார், அது அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ தெருவுக்கே கேட்கிறது. இப்போது நான்தான் பின் சீட்டில் உட்கார்ந்து போதும், போதாது என்று தலையாட்டுகிறேன், எனக்கென்ன தெரியும், குத்துமதிப்பாக ஆட்டுகிறேன். இன்னொன்று. நீ வேலைக்கு அவ்வளவு தூரம் போன கோபத்தில்தான் அப்பா போனில் ம், ம் என்றுவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறார் என்று அழுதாயே, நானும் அப்படித்தான் நினைத்து அவரோடு மல்லுக்கு நின்றேன். கோபமெல்லாம் இல்லையடி, நீ பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கம். நீ வைத்ததும், என்ன சொன்னா, என்ன சொன்னா என்று என்னைப் பிய்த்து எடுப்பார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, ரயில் மாதிரி ஓடாமல் வாயைத் திறந்து மெதுவாகப் பேசு, நீயாகவே கண்டுபிடித்த மாதிரி டாக்டரிடம் போகச் சொல். நீ சொன்னால் போவார். நான் எழுதியதை உளறிவிடாதே. ஈரத் தலையோடு தூங்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இரு. போன தடவை, அப்பாவுக்கு இன்னும் என் மேல கோபமா என்று கேட்டாயே, அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அங்கே மழையாம் என்று மழுப்பிவிட்டேன். நீயே அவர் முகத்தைப் பார்த்துக் கேள்.

உன்னைப் பெற்ற அரட்டைக்காரி,
அம்மா