ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன இடம்

துப்பட்டாவை உதறியதும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. இன்றும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தேன். நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முதல்ல போய்க் குளிடீ, மியூசியமே வீட்டுக்குள்ள வந்துருச்சு" என்று விரட்டியிருப்பாய்.

திண்டுக்கல்லில் கிளினிக் வைத்த புதிதில், பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்து கிடந்தவள் நான். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த தோழி நீ, பேங்கில் வேலை பார்த்தாய். தாடிக்கொம்பு ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன அருங்காட்சியகத்தின் புரவலர் குழுவில் இளையவர்களையும் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னைக் கேட்காமலே நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்குக் கோபமான கோபம். ஆனால் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, ஊர் ஜனங்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே பின்வாசல் வழியாக உள்ளே போனேன் பார், தலைகால் புரியவில்லை. "ஜமீன் வாரிசு கணக்கா நடக்காதடீ" என்று இடுப்பில் இடித்தாய். அப்படித்தான் நடந்தேன். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

நம் இருவருக்கும் கிடைத்த வேலை, பழைய சேலைகளுக்கு மடிப்பு மாற்றுவது. ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் நூல் இற்றுவிடும். அதனால் வெள்ளைக் கையுறை போட்டு, ஆளுக்கொரு முனை பிடித்து விரித்து, வேறு இடத்தில் மடித்து வைக்க வேண்டும். சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்றின் சாயத்தைப் பற்றிக் குழுவிலிருந்த ரிட்டயர்டு இன்ஜினியரும் ஜவுளிக்கடைக்காரரும் சண்டை பிடிப்பார்கள். வெளியே யாரும் நம்மைப் பல் வலிக்கும் லோனுக்கும் தவிர வேறெதற்கும் தேடியதில்லை. அங்கே நம் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். வேலை முடிந்ததும் வடை, டீ. அந்தக் காலை நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்து, செம்பட்டிக்கு அம்மா வீட்டோடு போய்விட்டாய்; ஞாயிறு மட்டும் இங்கே வந்தாய். முடி கொட்டியதும் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு வந்தாய். குழுவிலிருந்த ஒரு அம்மாள், நல்ல ஸ்டைலாக இருக்கிறது என்றார். நீ சிரித்துக்கொண்டே தேங்க்ஸ் சொன்னாய். திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "இங்க யாருட்டயும் சொல்லிறாதடீ. செத்த நேரமாச்சும் நல்லா இருந்துட்டுப் போறேன்" என்றாய். நான் சொல்லவில்லை. நீ போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து, செம்பட்டியிலிருந்து உன் அம்மா போன் செய்தார். "ஏத்தா, அவ ஓடி ஓடிப் போனாளே, அந்த எடத்த நான் பாக்கணும்."

அழைத்துப் போனேன். எனக்கு எதிரே ஆள் இல்லை. சேலையின் மறுமுனையை அவரே வாங்கிக்கொண்டார். வெயிலில் கத்தரிக்காய் பறித்துப் பறித்துத் தடித்த விரல்களில் கையுறை லேசில் ஏறவில்லை. விரித்த சேலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"இதுக்குத்தானா? மத்த நாளெல்லாம் சுவத்தப் பாத்துப் படுத்தே கெடப்பா. ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் எந்திரிச்சுக் கெளம்பிருவா. நான் கோழிக்கொழம்பு வச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டே இருப்பேன். அம்புட்டுத் தெம்பு எங்குட்டிருந்து வந்துச்சு? அத ஒருநாளாவது எங்கிட்டக் காட்டுனாளா?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இங்க யாரும் அவள ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டாங்கம்மா. அவங்களுக்கு அப்ப விஷயமே தெரியாது" என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. "நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்த்தா. விடிஞ்சதுலருந்து படுக்குற வரைக்கும் அதத்தான் கேட்டேன்." பெற்ற வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டோமே என்று எனக்குப் பதறியது. அவர் அழவில்லை. சேலையை மடித்து முடித்து, கையுறையைக் கழற்றி வைத்தார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். இப்போது ஞாயிறுதோறும் செம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுகிறார். உன்னைப் பற்றி அங்கே அவர் பேசுவதில்லை, மற்றவர்களும் எடுப்பதில்லை. இன்று டீ குடிக்கும்போது இன்ஜினியருக்கும் ஜவுளிக்கடைக்காரருக்கும் மறுபடி சாயச் சண்டை. கோபத்தில் இன்ஜினியர் வடையை டீக்குள் போட்டுவிட்டார். உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நீ போனதற்குப் பின் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சிரித்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு, தப்புச் செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தானாகவே சொன்னார்: "வீட்டுல இருக்கயில இந்தச் சிரிப்பு வர மாட்டேங்குதுத்தா."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "அவளுக்கும் வந்திருக்காதுல்ல" என்றார்.

உனக்குச் சேர வேண்டிய வார்த்தை அது. கொண்டுவந்து கொடுக்க வழியில்லாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.