பெட்ரோல் மூடியில் வைத்த பஞ்சு

இன்று காலை பட்டறையில் குங்கிலியம் காய்ச்சினார்கள். எண்ணெயில் அது உருகிய வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த உளியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக அந்த வாசனையில்தான் சோறு தின்கிறேன், இன்றைக்கு என்னவோ நிற்க முடியவில்லை. கடற்கரை வரை போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன். கடைசியில் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்தாகிவிட்டது.

நீ போய்விட்ட செய்தி போன வாரம்தான் வந்தது. உன் ஊர் உடன்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றி வந்த வண்டிக்காரர் சொன்னார். "அந்த மோட்டார் மெக்கானிக்கு காய்ச்சல்ல போயிட்டாருல்லா, ஒமக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொல்வார்கள்?

யுத்தம் முடிந்த மறுவருஷம் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, எங்கள் படகு முதலாளியான சம்மாட்டி பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற மோட்டார். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அதுவரை யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. பட்டாளத்து லாரிகளை ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த உன்னைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பனங்காட்டு ஆள் நீ. நீச்சல் தெரியாது. படகில் ஏறிய உடனே வாந்தி எடுத்தாய். "இவனா நமக்கு மோட்டார் ஓட்டப்போறான்?" என்று நான் சிரித்தேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு, "நீரு பலகையப் பாரும் ஓடாவி, நான் மோட்டாரப் பாக்குதேன்" என்றாய். நான் படகு கட்டுகிற ஓடாவி. மோட்டாரைத் தாங்க நல்ல பலகை வைத்துக் கொடுப்பது என் வேலை, ஓட வைப்பது உன் வேலை. அப்படித்தான் பழகினோம். ஒரு மாதத்தில் 'நீரு' போய் 'ஏலே' வந்துவிட்டது.

இப்போது யோசித்தால் அந்த ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒருநாள் அலை தெறித்து பெட்ரோல் டாங்கில் உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் இருமிவிட்டு நின்றது. நீ அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் பொழுதே போய்விட்டது. "ஒரு சொட்டுத் தண்ணி போதும்ல, எல்லாம் பாழு" என்று கத்தினாய். நீ வீட்டுக்குப் போன பிறகு நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு ஊசித் துளை. மேலே ஒரு சின்னத் திருகு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவ்வளவு படித்த மெக்கானிக்கு இந்த ஓட்டையை விட்டுவிட்டானே! படகில் ஓட்டை என்று ஒன்றைப் பார்த்தால் அடைக்காமல் என் கை சும்மா இருக்காது. என் அப்பாவுக்கும் அப்படித்தான். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலிய விழுதை அழுத்தி வழிப்பதுபோல, அந்தத் துளையையும் உள்பக்கமாக அடைத்தேன். மேலே திருகு வைத்தபடி இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் நல்லபடியாக ஓடியதும் சொல்லிக் கேலி செய்யலாம் என்று வைத்திருந்தேன்.

மறுநாள் சங்கு குளிக்கப் போனோம். பெட்ரோல் ரேஷன் என்பதால் போகும்போது கரைக்காற்றில் பாய் விரித்துப் போவது, காற்று ஏமாற்றினால் மட்டும் மோட்டார் என்பது சம்மாட்டியின் உத்தரவு. குளியாட்களில் என் தம்பியும் ஒருவன். கல்யாணமாகி நாலு மாதம். மூன்றாவது முழுக்கில் மேலே வந்தவன் அலறினான். திருக்கை முள் முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கி, சதையைக் கிழித்திருந்தது. தூக்கிப் போட்டபோது படகின் அடித்தட்டு முழுக்க ரத்தம். நான் கயிற்றை எடுத்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினேன். பாயைப் பார்த்தேன். துணி தொங்கிக்கொண்டிருந்தது. காற்று செத்துவிட்டது.

"மெக்கானிக்கு, ஒன் மோட்டார எடுல!" என்றேன்.

நீ டாங்கு மூடியின் திருகைத் தளர்த்தினாய். அதை நான் கண்ணால் பார்த்தேன். கயிற்றைச் சுற்றி இழுத்தாய். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. எல்லோரும் "மாதாவே" என்றோம். கொஞ்ச தூரம் போனதும் மூச்சு அடங்கி நின்றது. அப்புறம் இழுத்தாய், இழுத்தாய், இழுத்தாய். மற்றவர்கள் துடுப்பு போட்டார்கள், நீரோட்டம் எங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தது.

பிளக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து இரும்போடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னாய். நீ இழுத்தபோது எனக்குத் தோள்வரை கரண்ட் சுண்டி இழுத்தது. "நெருப்பு இருக்குல" என்றாய், நான் துள்ளியதைக் கண்டுகொள்ளாமல். பிளக்கின் முனையைத் தடவிப் பார்த்தாய். "காஞ்சு கிடக்கு. எண்ணெ வரல." நேற்றைய தண்ணீர்தான் எங்கோ நிற்கிறது என்று நினைத்து, ஆடுகிற படகில் சட்டையை விரித்து, கார்புரேட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றினாய். நடுவில் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தாய், திரும்பி வந்து கழற்றினாய். ஒரு துளி தண்ணீர்கூட இல்லை. மறுபடி மாட்டினாய். டாங்கைத் திறந்தாய், பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினாய், இழுத்தாய், ஓடியது. நின்றது. வெயில் உச்சிக்கு ஏறியது. தம்பி முனகுவதை நிறுத்தியிருந்தான். அவன் பாதம் வேறு நிறமாகிக்கொண்டு வந்தது. கட்டை அவிழ்த்தால் ரத்தம் பாய்ந்தது, கட்டினால் கால் கறுத்தது. நான் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். "பனங்காட்டுப் பயல நம்பி வந்தோமே" என்றேன். அது மட்டுமா சொன்னேன்? மீதியை எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் தடவை ஓடி நின்றபோது நீ எதுவும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டாய். "மூடியத் தொறந்தா ஓடுது. மூடுனா சாவுது" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். மூடியைக் கழற்றித் திருப்பினாய். நீ பஞ்சைப் பார்த்தாய். என் விரல் நகங்களைப் பார்த்தாய், குங்கிலியம் ஒட்டியிருந்த நகங்களை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பாய் தைக்கும் ஊசியை வாங்கித் துளையைக் குத்தித் திறந்தாய். டாங்கிலிருந்து பெட்ரோல் மோட்டாருக்கு இறங்க வேண்டுமானால் மூடித் துளை வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. மோட்டார் ஒரு இழுப்பில் பிடித்தது. கரை வரை நிற்கவே இல்லை.

தம்பி பிழைத்தான். கால் பிழைக்கவில்லை. கட்டு போட்டு நேரம் அதிகமாகிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

சம்மாட்டி எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ சொல்லிவிட்டாய். "காத்துத் திருகத் தொறக்க மறந்துட்டேன் மொதலாளி." உலகத்தில் எந்த மெக்கானிக்கும் மறக்காத ஒன்றை நீ மறந்ததாகச் சொன்னாய். நான் திறக்கவிருந்த வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது அது. அன்றைக்கே உனக்கு வேலை போயிற்று.

பஸ் ஏறுகிற இடம் வரை உன் பின்னாலேயே வந்தேன். "ஏம்ல அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன். நீ பீடியைப் பற்றவைக்கப் பார்த்தாய், காற்றில் மூன்று குச்சி அணைந்தது. "என்னைய வெறுத்தான்னா நான் ஊருக்குப் போயிருவேன். அண்ணன வெறுத்தான்னா அவன் எங்கலே போவான், ஒத்தக் காலோட?"

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தம்பிக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். பரிகாரமாக ஜெபம் சொல்லச் சொன்னதோடு விடாமல், தம்பியிடமும் சொல் என்றார். அடுத்த தடவை வேறு கோவிலுக்குப் போனேன். தம்பிக்கு ஊன்றி நடக்கக் கட்டை செதுக்கிக் கொடுத்தேன், வலை பின்ன இடம் போட்டுக் கொடுத்தேன். அவன் வருகிறவர்களிடமெல்லாம், "அண்ணன் காலைக் கட்டலன்னா நான் அன்னைக்கே செத்திருப்பேன்" என்பான். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் கழித்து நீ ஏதோ சாமான் வாங்கத் தூத்துக்குடி வந்தாய். கடைத்தெருவில் தம்பி உன்னைப் பார்த்துவிட்டான். கட்டையை ஊன்றிக்கொண்டு எதிரே போய், நாலு பேர் பார்க்கக் காறித் துப்பினான். உன் சட்டையில் விழுந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். நீ துண்டால் துடைத்துக்கொண்டு அவனைத் தாண்டி என்னிடம் வந்து, "நல்லா நடக்கானே. கட்டை நீ செஞ்சதா?" என்று மட்டும் கேட்டாய். கேலியில்லை, நிஜமாகவே கேட்டாய். நான் தலையாட்டினேன். அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. உன் மீது எனக்குக் கோபம்கூட உண்டு, தெரியுமா? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்று பட்டறையிலிருந்து எழுந்து அலைந்தவன், எழுத உட்காருமுன் தம்பி வலை பின்னுகிற இடத்துக்குத்தான் போனேன். நீ இறந்துவிட்டாய் என்றேன். தம்பி ஊசியை நிறுத்தாமல், "சாவட்டும்" என்றான். அப்புறம் பஞ்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"காலு போனது போவட்டும். தெரியாமச் செஞ்சிட்ட. அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா துப்பினேனே, நீயும் பாத்துக்கிட்டு நின்னியே. இப்ப அத நான் யாருட்டப் போயிச் சொல்லுவேன்?"

நாளைக் காலை உன் வீட்டுக்கு வருகிறானாம். உன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமாம். நானும் வருகிறேன் என்றேன். "நீ வரவேண்டாம்" என்றான். மூன்று வருஷத்தில் முதல்முறையாக என் கையைப் பிடிக்காமல் எழுந்தான்.

அவன் வேண்டாம் என்றாலும் பஸ் வரை பின்னாலேயே நடப்பேன். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.