முப்பத்தொன்று என்றால் சிவப்பு

நேற்று ஆபீசில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். காலையில் வந்த பதிவுக் கோப்பை அதில் திறந்தேன். வரிக்கு வரி, எண்களுக்கு முன்னும் பின்னும் [31m, [32m, [0m என்று அந்தப் பழைய குப்பை. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்து, "என்ன சார், எறும்பு ஊருன மாரி இருக்கு? கலரா வர்ற மாரி வச்சுக்கங்க, கண்ணு போயிரும்" என்றார். "வைக்கிறேங்க" என்றேன். வைக்கவில்லை. உன் நினைப்பு வந்துவிட்டது, மாப்ள. வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருஷம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோது நான் சொன்னதில்லை.

புதுக்கோட்டையில், இதே மாடி ஆபீசில், நம் இருவருக்கும் எதிரெதிர் மேசை. கட்டுமாவடிப் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட்டில் மீனும் இறாலும் வைக்கிற குளிர் அறைகளை நம் புரோகிராம் கவனித்துக்கொண்டிருந்தது. அறையின் எண்ணும் குளிரின் அளவும் வரிவரியாக ஒரு கோப்பில் விழும். ஒவ்வோர் அறைக்கும் வேறு வேறு அளவு என்பதால் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வரி பச்சையாக இருந்தால் அறை சரி, சிவப்பாக இருந்தால் கோளாறு. அதை எழுதியவன் நான்தான். பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. நிறம் போதும் என்று நினைத்தேன்.

டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் பார்த்தால் நிறம் தெரியும். அதே கோப்பை, வெறும் எழுத்தை மட்டும் காட்டுகிற எடிட்டரில் திறந்தால் நிறம் வராது, நிறத்துக்கான குறியீடுகள் அப்படியே எழுத்தாக வந்து நிற்கும். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். நீ மட்டும் தினமும் காலையில் எடிட்டரில்தான் திறப்பாய். தேடும் பெட்டியில் [31 என்று தட்டுவாய். டீ வருவதற்குள் உன் வேலை முடிந்திருக்கும்.

"எப்புடிப்பா இந்தக் குப்பைய வச்சு மாரடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பத்தொண்ணுன்னா செவப்பு, முப்பத்திரெண்டுன்னா பச்சை. அம்புட்டுத்தானே மாப்ள" என்றாய். சரியான பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் பழுத்த மிளகாயும் பச்சையுமாகக் கலந்து நீ அள்ளியதைப் பார்த்தும் சிரிக்கத்தான் செய்தேன். யோசிக்கவில்லை.

மகளுக்குக் காதுகுத்து என்று மணமேல்குடிக்கு லீவில் போனாய். என்னால் வர முடியவில்லை. அதற்கு ஈடாக உனக்கு ஒரு நல்ல காரியம் செய்து வைப்போம் என்று உன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு மத்தியானம் முழுக்கப் போராடி, எடிட்டரில் குறியீடுகள் மறைந்து எழுத்துகள் நிறத்தோடு வருகிற மாதிரி செய்துவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நீ வந்ததும், "பாரு மாப்ள, கலர் கலரா!" என்றேன். நீ திரையை ரொம்ப நேரம் பார்த்தாய். தேடும் பெட்டியில் [31 என்று தட்டினாய். எதுவும் இல்லை என்று வந்தது. "நல்லாருக்குப்பா" என்றாய்.

நாலாம் நாள் மூன்றாம் எண் அறையின் வரி சிவப்பாக வந்திருந்தது. நீ பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிவிட்டாய். மத்தியானம் பிளான்ட்டிலிருந்து போன். என் பைக்கில்தான் இருவரும் போனோம். கதவைத் திறந்ததும் அந்த நாற்றம். படகுக்காரர் ஒருவர் உன்னைப் பார்த்து, "விடியக் கெளம்பிப் போயி புடிச்சாந்த எறா தம்பி. இப்ப நாய்கூட மோந்து பாக்காது" என்றார். நீ தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில்தான் சொன்னாய். "எனக்கு அந்த ரெண்டு கலரும் ஒண்ணாத்தான்ப்பா தெரியும். பொறந்ததுலேருந்து அப்புடித்தான். ரயில்வேல பரிச்சையெல்லாம் பாசு பண்ணிட்டு, புள்ளி புள்ளியா ஒரு படத்தக் காட்டி அனுப்பிச்சு விட்டுட்டாங்க. அதுலேருந்து யாருகிட்டயும் சொல்றதில்ல."

"அன்னைக்கே எடுத்துருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஆசையா செஞ்சு வச்சிருந்த. எடுன்னா ஏன்னு கேப்ப. டெர்மினல்லயும் அதே கலருதான். சமாளிச்சுக்கலாம்னு பாத்தேன்." டம்ளரை வைத்துவிட்டு, "என் கண்ணு விசயத்த வெளிய சொல்லிறாத" என்றாய்.

மறுநாள் காலையில் முதலாளி கேட்டார். "நாந்தாங்க பாத்தேன். கவனிக்காம விட்டுட்டேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ சொல்லாதே என்றது உன் கண்ணைப் பற்றி மட்டும். எடிட்டரை மாற்றியது நான், வார்த்தை சேர்க்காமல் புரோகிராம் எழுதியது நான் என்று சொல்ல நீ எந்தத் தடையும் போடவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே வரிக்கு முன்னால் சரி, கோளாறு என்று வார்த்தை சேர்த்துவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் நீயே நின்றுகொண்டு, ஊரில் ஜெராக்ஸ் கடை போட்டாய். நான் வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய், ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு உன் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, நான் மாலையோடு வந்து நின்றது. அலுத்துப்போய்விட்டது மாப்ள, இதைச் சுமந்துகொண்டே திரிவது.

இன்று காலை முதலாளியிடம் போனேன். உன் பெயரைச் சொன்னதும், "பாவம். நல்ல மனுசன். கொஞ்சம் கவனம் பத்தாது" என்றார். இத்தனை வருஷம் கழித்து அவரிடம் உன்னைப் பற்றி மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

"கவனம் பத்தாம இல்லங்க. அந்த எறா கெட்டது என்னாலதான். அவன் பாக்குற வழிய மாத்தி வச்சது நான். வார்த்த போடாம எழுதுனதும் நான்" என்றேன். உன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

"சரிங்க. அத இப்ப வந்து சொல்றீங்களே" என்றார் அவர்.

மேசைக்கு வந்து இன்றைய கோப்பைத் திறந்தேன். கோளாறு என்ற வார்த்தையைத் தேடினாலே போதும் இப்போது. என் கை [31 என்றுதான் தட்டியது. ஒரு வரி இருந்தது. பிளான்ட்டுக்குப் போன் போட்டேன். "நல்ல நேரத்துல பாத்தீங்க சார்" என்றார்கள். நான் பார்க்கவில்லை, நீ பார்க்கிற மாதிரி பார்த்தேன்.