மூன்று ஜோடி மீன்கள்

சனி, 7

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மானம் போனது காலை பதினொரு மணிக்கு, மீன் தொட்டிக் கடையில்.

"ஆப்பிரிக்கா சிக்லிட் மூணு ஜோடி கொடும்மா. ஒவ்வொன்னுலயும் ஆண் ஒன்னு, பெண் ஒன்னு."

கடைக்காரப் பெண் வலையைக் கீழே வைத்தாள். "அங்கிள், இது கல்யாண மண்டபம் இல்ல லா."

பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரிப்பு. ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் வேண்டுமாம். குடும்பஸ்தனிடம் சொல்கிற பேச்சா? ஜோடிதான் என்று பிடிவாதம். வாங்கியும் வந்தேன்.

எல்லோ லேப் - 2. உடம்பு முழுக்க மஞ்சள்.
ரஸ்டி - 2. துருப்பிடித்த ஆணி நிறம்.
கென்யி - நீலம் 1, மஞ்சள் 1. இதில் மஞ்சள்தான் பெண். நானே கண்டுபிடித்தேன். புதுப்பெண் மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறதே.

தொட்டி, வீடு மாறிப் போன பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போனது. நாலடி. நான் எடுத்து வைத்தது யாழினிக்காக. ஒரே மகள். சின்னதில் மீன் என்றால் உயிர். இப்போது என்னிடம் "சாப்டேன்", "வரேன்", இரண்டே சொல். ஆறு மாதமாக இப்படி. அவளுக்குப் பிடித்த பிரகாஷின் ஜாதகம் பொருந்தவில்லை என்று நான் வந்து சொன்ன நாளிலிருந்து.

இந்தத் தொட்டியை வைத்து அவளைப் பேச வைக்கிறேனா இல்லையா, பார்.

ஞாயிறு, 8

காலையில் தூறல். யாழினி தொட்டி முன்னால் மூன்று நிமிடம் நின்றாள். பேசினாள்!

"இதெல்லாம் ஒன்னா இருக்குமா?"

"ஏன் இருக்காது? ஜோடி ஜோடியா பார்த்துல்ல வாங்கியிருக்கேன்."

"ஓ. பொருத்தம் பார்த்துட்டீங்களா."

போய்விட்டாள். அடுப்படியில் சரசுவுக்குச் சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. கட்டிய மனைவி.

செவ்வாய், 10

நல்ல மழை. ரஸ்டி ஒன்று போய்விட்டது. வாலே இல்லை. எல்லோ லேப் ஒன்று ஃபில்டர் பின்னால் ஒளிந்தது, வெளியே வரவில்லை. எல்லாம் அந்தப் புதுப்பெண் கென்யியின் வேலை. ரௌடி.

சரசுவின் பலகாரச் சல்லடையைத் தொட்டிக்கு நடுவில் செருகினேன். இப்போது சண்டை இரண்டு இடத்தில்.

யாழினி: "தெரிஞ்சவங்கள கேட்கலாம்."
"யாரு?"
"வீட்டுல நாலு தொட்டி வச்சிருக்கவங்க."

பிரகாஷ். ஆயர் ஈத்தாமில் வீடு. கேட்க மாட்டேன்.

புதன், 11

கேட்கவில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது யாழினி குனிந்து ஃபில்டர் பின்னால் பார்த்தாள், உயிரோடு இருக்கிறதா என்று. அந்த முகம்.

மத்தியானம் நாலு தடவை மெசேஜ் எழுதி அழித்தேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவனுக்கு மன்னிப்புக் கேட்கிற வாசகம் எங்கே வரும்? கடைசியில் போட்டோ மட்டும் அனுப்பினேன். உடனே பதில்: "வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வரேன் அங்கிள். அதுவரைக்கும் தீனி கம்மியா போடுங்க."

ஒரு குத்தல் பேச்சு இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளி, 13

வந்தான். ஃபேக்டரிச் சட்டையோடு, ஒரு பை பவளத் துண்டுகள். நம் குழாய்த் தண்ணீர் இந்த மீன்களுக்கு ஆகாதாம், பவளம் போட்டால்தான் சரிப்படுமாம்.

"அங்கிள், இந்த மஞ்சள் கென்யிதான் ஆம்பள. நீலம்தான் பொண்ணு."

யாழினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஜோடியா விட்டா ஆம்பள அந்த ஒரே பொண்ண தொரத்தித் தொரத்தியே கொன்னுடும். நாலு பொண்ணு இருந்தா தொரத்துறது பிரிஞ்சிடும். அதோட, ஒரே கலர் ஆம்பளைங்க ரெண்டு பேரு ஒரு தொட்டியில ஒத்துப்போக மாட்டாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கென்யி வேணாம்."

ஒத்துப்போகாத ஆம்பளைங்க என்றபோது என்னைப் பார்த்தானோ? இல்லை, மீனைத்தான் பார்த்தான்.

கற்களை எல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கினோம். பழைய இடம் யாருக்கும் இல்லை என்றால் அதிகாரமும் குறையுமாம். முழங்கை வரை ஈரம், இரண்டு பேருக்கும். சரசு கேட்காமலே அவனுக்குச் சோறு போட்டாள். சல்லடை திரும்பக் கிடைத்த சந்தோஷம் என்கிறாள்.

ஞாயிறு, 15

வெயில். நான், யாழினி, பிரகாஷ், மூன்று பேரும் கடைக்கு. கென்யி இரண்டையும் திருப்பிக் கொடுத்தோம். புதிதாக வாங்கியது எல்லோ லேப் பெண் மூன்று, ரஸ்டி பெண் நான்கு.

கடைக்காரப் பெண்: "என்ன அங்கிள், மண்டபம் காலியா?"
"மாப்பிள்ளை சரியில்லம்மா" என்றேன். பிரகாஷ் பக்கத்தில் நிற்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என் வாய்!

வீட்டில் விட்டோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஃபில்டர் பின்னாலிருந்து அந்த எல்லோ லேப், கிழிந்த துடுப்போடு, மெல்ல வெளியே.

"அப்பா! இங்க பாருங்க! அப்பா!"

ஆறு மாதத்துக்கு அப்புறம் இரண்டு அப்பா.

கிளம்பும்போது வாசலில் பிரகாஷ் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. அந்த ஜாதகத்த வேற ஜோசியர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா?"

"காட்டலாம் தம்பி" என்றேன்.

முதல் ஜோசியரிடமே நான் போகவில்லை என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பாதி வழியில் நிறுத்தி, ஒரு செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஜாதகம் இரண்டும் இன்னும் என் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன.